கொடைக்கானல் பக்கம் கூட்டமில்லாத நீண்ட காட்டுப் பாதை உண்டா? ஒரு பகுதியை மட்டும் நடந்தால் போதும்

உண்டு. வட்டக்கானலில் ஆரம்பித்து, வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகக் கும்பக்கரை அருவி வரை இறங்கும் பழைய பாதை. ஒரு பகுதி போதும் என்று நீங்களே கேட்டிருப்பதால் சொல்கிறேன்: வெள்ளகவிக்குக் கீழே உள்ள பாதியை நடங்கள். அதுதான் உண்மையிலேயே அமைதியான பகுதி.

மேலே டால்பின் நோஸ் பாறை வரைக்கும் சனி, ஞாயிறுகளில் தேர்த் திருவிழாதான். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், மேகி, பிரெட் ஆம்லெட், செல்ஃபிக்கு வரிசை. பாறையில் நின்று படம் எடுத்ததும் அநேகமாக எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டி இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச நேரம் போனாலே பேச்சுச் சத்தம் அடங்கிவிடும்.

இந்தப் பாதையை யாரும் ட்ரெக்கிங்குக்காகப் போடவில்லை. கொடைக்கானல் என்ற மலைநகரம் உருவாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. 1821இல் மலையை அளக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் வார்டு இந்த ஊரில் தங்கி, இங்கிருந்துதான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதே 1845இல்தான். பிறகு வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைச்சாலை வந்தது, கொடைக்கானலுக்குப் பேருந்து வந்தது. வெள்ளகவிக்காரர்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தலைச்சுமையோடும் குதிரையோடும் இதே பாதையில் நடந்தார்கள். நோயாளியையும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் டோலி கட்டித் தூக்கிவந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். நாம் ஆசைக்கு நடக்கிற பாதை அவர்களுக்கு ரேஷன் அரிசி வந்த வழி. எதிரே சுமையோடு ஆளோ குதிரையோ வந்தால் மேட்டுப் பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். வீடுகளும் கோயில்களும் நெருக்கமாக இருப்பதால் ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். "அண்ணே, ஷூவைக் கையில எடுத்துக்கங்க" என்று கூட வந்த உள்ளூர்த் தம்பி சொன்னதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. அத்தனை கயிற்றையும் அவிழ்க்க வேண்டுமே. ஆனால் வெறுங்காலோடு நடந்தபோது கால் நன்றாக ஆறியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "ஏன்யா, கொடைக்கானல்ல பஸ்ஸு இல்லையா, இம்புட்டுத் தூரம் நடந்தா போறீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்புவதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை.

ஊரைத் தாண்டியதும் நிழல் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடி, பட்டர் ஃப்ரூட், மலைவாழை, பலா என்று தோட்டங்கள். அதற்கும் கீழே காடு மாறுகிறது. மேலே பாசி படர்ந்த, ஈரம் சொட்டும் சோலையைப் பார்த்து வந்த கண்ணுக்கு இந்த இலையுதிர் காடு சப்பென்று இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரங்கள் விலகி நிற்பதால் தூரம் தெரிகிறது. பெரியகுளம் பக்கத்துத் தோப்புகள் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கிட்டே வருகின்றன. மலை அணில் மரம் விட்டு மரம் தாவும்போது கிளை அடங்க நேரமாகிறது. பள்ளத்தில் பாம்பாறு ஓடுகிற சத்தம் சில இடங்களில் கேட்கும், சில இடங்களில் நின்றுபோகும். அந்த ஆறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது.

இறக்கத்தை லேசாக நினைக்காதீர்கள். டால்பின் நோஸில் இருந்து கும்பக்கரை வரை ஏறத்தாழ 1,600 மீட்டர் இறங்குகிறோம். மேலே ஸ்வெட்டர் போட்டவருக்குக் கீழே பனியனே அதிகம். பத்து டிகிரிக்குக் குறையாத வித்தியாசம். கால் விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும், அதனால் முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். ஒரு கைத்தடி, குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், புளிசாதம். மழை பெய்திருந்தால் சோலைப் பகுதியில் அட்டை ஏறும். உப்போ மூக்குப்பொடியோ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அனுமதி. கொடைக்கானலைச் சுற்றிய காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறையிடம் கேட்காமல், உள்ளூர் ஆள் துணையில்லாமல் இறங்காதீர்கள். காட்டுமாடு உண்டு, கீழ்ப் பகுதியில் யானை வருவதால் அருவியையே மூடிவைக்கும் நாட்களும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நினைக்கவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று, கும்பக்கரை இருக்கும் இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததற்குப் பிறகும், "கோடையில்தான் லீவு கிடைக்குது" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் திடீரென்று பெருகும். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் தோது.

கும்பக்கரையில் இருந்து பெரியகுளம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ பிடித்துப் பெரியகுளம் வந்துவிட்டால் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பேருந்துக்குக் குறைவில்லை. மாலையில் அருவிப் பக்கத்தை வனத்துறை மூடிவிடும், அதற்குள் இறங்கிவிடும்படி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலி உள்ளவர்கள் இதே பகுதியைத் தலைகீழாக, கும்பக்கரையில் இருந்து வெள்ளகவிக்கு ஏறலாம். மூச்சு வாங்கும், ஆனால் முழங்கால் பிழைக்கும். அப்படிப் போவதானால் பொழுது விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சரிவில் வெயில் தாங்காது.