ஆடாசிட்டியில் பேச்சை வெட்டினால், வெட்டிய இடத்தில் 'டிக்' சத்தம் வருவது ஏன்?

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், பதிவில் இருந்த 'வந்து', 'ம்ம்' எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், இப்போது அவை இருந்த இடத்திலெல்லாம் 'டிக்' கேட்கிறது என்கிறீர்கள். மைக் மேல் தப்பில்லை.

அந்த இடத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோல்+1 தட்டித் தட்டிப் பெரிதாக்குங்கள். நடுக்கோடு 0 என்றால், 0.3 உயரத்தில் அறுந்த அலை அடுத்த புள்ளியிலேயே -0.2இல் தொடங்கும். அந்தச் செங்குத்துத் தாவல்தான் காதில் 'டிக்' என்று விழுகிறது. நீக்க வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் இசட் விசையை ஒரு தட்டு தட்டிவிட்டு டெலீட் செய்யுங்கள்; தேர்வின் இரு ஓரமும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். ஸ்டீரியோவில் இடதும் வலதும் ஒரே நேரத்தில் கடக்காது. ஒருவர் பேசுவதற்கு மோனோவே போதும்.

அப்படியும் வந்தால், மௌனமான இடத்தில்கூட அலை நடுக்கோட்டை விட்டு மேலோ கீழோ தள்ளி நிற்கிறதா பாருங்கள். இதற்கு டிசி ஆஃப்செட் என்று பெயர். வெட்டத் தொடங்கும் முன்பே நார்மலைஸ் எஃபெக்டில் அதை நீக்கும் பெட்டியைத் தேர்ந்து, முழு டிராக்குக்கும் ஓட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே வெட்டியவற்றுக்கு ரிப்பேர் எஃபெக்ட் இருக்கிறது; 'டிக்' இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்து அதை ஓட்டுங்கள். 128 சாம்பிளுக்கு, அதாவது அலையின் 128 புள்ளிகளுக்கு மேல் அது ஏற்காது. 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் அது 3 மில்லிசெகண்டுகூட இல்லை. ஒரு 'டிக்'குக்கு அது தாராளம்.

எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் இதையெல்லாம்விட முக்கியம். தமிழில் இதற்கு வசதி அதிகம். 'பக்கம்', 'பத்து' என்னும்போது க்க, த்த வரும் இடத்தில் காற்று அடைபட்டு, பத்தில் ஒரு நொடி அளவுக்கு ஒலியே இருக்காது. அலையில் அது தட்டையாகத் தெரியும்; அங்கே வெட்டினால் யாருக்கும் தெரியாது. 'மாமா', 'வேலை' போல ஒலி அறாமல் ஓடும் சொல்லின் நடுவே மட்டும் கை வைக்காதீர்கள். மூச்சை எடுத்தால் முழுசாக எடுங்கள், விட்டால் முழுசாக விடுங்கள். பாதி மூச்சு விக்கல் மாதிரிக் கேட்கும்.

இடைவெளியை கன்ட்ரோல்+எல் கொடுத்து மௌனமாக்குவதும் வேண்டாம். ஃபேன் இரைச்சல் திடீரென்று செத்து, மறுபடி உயிர் பெறுவது 'டிக்'கைவிட மோசம். பதிவின் தொடக்கத்தில் பேசாமல் 10 நொடி ஓடவிட்டு, அதிலிருந்து காப்பி செய்து நிரப்புங்கள். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கான மாதிரியும் அதே 10 நொடிதான். அதில் குறைக்கும் அளவை 6 அல்லது 8 டெசிபலில் வைத்துப் பாருங்கள். கூட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும். இதை வெட்டுவதற்கு முன்பே, நிரப்புவதற்கும் முன்பே, முழு டிராக்குக்கும் செய்துவிட வேண்டும். பிற்பாடு செய்தால், சுத்தமான துண்டும் இரைச்சல் துண்டும் மாறி மாறி வந்து ஒட்டுப்போட்டதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஒருமுறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் பாதி 'டிக்' காதுக்கே எட்டாது.