இறால் போடாத டப்பா

அன்புள்ள மேடம்,

எனக்கு 29 வயது. ஊர் கோயம்புத்தூர். தென்கொரியாவில் ஜியோன்ஜு நகரத்தில் ஆங்கில டீச்சராக இருக்கிறேன். வந்து பத்து மாதம் ஆகிறது. சாப்பாடுதான் பெரிய கொடுமை. நான் சைவம். மதியம் பள்ளியில் எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்ச்சி என்கிற காரமான கோஸ் ஊறுகாய் வைக்கிறார்கள். வெறும் கீரை சூப் என்று நம்பினால் அது நெத்திலி வேகவைத்த தண்ணீர். கிம்ச்சியிலேயே உப்பு இறால்!

காலையில் நுழைந்ததும் 'பாப் மொகொஸ்ஸொயோ' என்கிறார்கள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் சாப்பிட்டால் இவர்களுக்கு என்ன, சாப்பிடாவிட்டால் என்ன? முதல் நாளே வயதையும் கேட்டுவிட்டார்கள். நவம்பரில் பக்கத்து வகுப்பு டீச்சர் கிம்ச்சி போட வீட்டுக்கு இழுத்துப்போனார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கோஸுக்கு இதழ் இதழாக மிளகாய் விழுது பூசியதில் இடுப்பே விட்டுப்போச்சு. இறால் போடாமல் எனக்கென்று ஒரு டப்பா வேறு. என் சின்ன ஃபிரிட்ஜில் பாதி இடம் அதற்கே போய்விட்டது.

தினமும் அம்மாவிடம் போனில் சொல்லி அழுகிறேன். பிப்ரவரியில் கான்ட்ராக்ட் முடிந்ததும் வந்துடு, வரன் பார்த்திருக்கோம் என்கிறார். (இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகிறது. வீட்டில் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.) வேலை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகும் 'ஹ்வேசிக்' பள்ளிச் சாப்பாட்டைவிடக் கஷ்டம். அவர்கள் பன்றி இறைச்சி வாட்டுவார்கள், நான் இலைதழையும் வெறும் சோறுமாக உட்கார்ந்திருப்பேன். இந்தச் சாப்பாட்டுக்கு எப்படித்தான் பழகுவது?

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். கொடுமை என்று நினைக்கும் இடத்தில் யாராவது இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்களா?

புகார்கள் பொய் என்று சொல்லவில்லை. சைவக்காரருக்குக் கொரியா சிரமம்தான். ஆனால் அவை தினமும் அம்மாவுக்குத்தானே போகின்றன? மகள் கஷ்டப்படுகிறாள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்று சொன்னால் அவரைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று உங்களுக்குப் பயம். அதனால் நாளுக்கு ஒரு கஷ்டத்தை வாடகை மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் அநியாயமாக அடி வாங்குவது அந்த டீச்சர். உங்களுக்காக இறால் இல்லாமல் விழுது தனியாகக் கலக்க வேண்டுமானால், நீங்கள் அவர் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே உங்களை நினைத்திருக்க வேண்டும். கூடி உட்கார்ந்து போடும் அந்த வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தபோது, கிம்ச்சி போடுவதோடு அதைப் பங்கிடுவதையும் சேர்த்தே எழுதினார்கள். உங்கள் பங்கை நீங்கள் ஃபிரிட்ஜ் கணக்கில் எழுதிவிட்டீர்கள். மன்னிக்கவும், இதில் நான் அவர் பக்கம்.

வயது கேட்டதும் வம்புக்கு இல்லை. அந்த மொழியில் வினைச்சொல்லின் முடிவே எதிரில் இருப்பவரின் வயதையும் நிலையையும் பார்த்து மாறும். நாம் நீயா நீங்களா என்று விழிப்பதில்லையா, அதுதான். அப்புறம், கோயம்புத்தூரில் ஒருவர் 'சாப்டாச்சுங்களா' என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வருமா?

சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். கொரிய பௌத்த மடங்களின் சமையலில் இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரியே அம்மாவிடம் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வரன் பேச்சு அப்புறம். அழுவார், அழட்டும். அழுது முடித்ததும் 'அங்கே என்னத்தச் சாப்பிடுவே' என்று கேட்பார். அப்போது அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்.