காப்புரிமை வழக்காட பொறியியல் படிக்கணுமா?

கேள்வி: அமெரிக்காவில் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கு நடத்தும் வழக்கறிஞர் பொறியியலும் படித்திருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. காப்புரிமை அலுவலகத்தில் பிறருக்காக விண்ணப்பம் போடத்தான் பொதுவாக அறிவியல், பொறியியல் பின்னணியும் தனித் தேர்வும் கேட்பார்கள். நீதிமன்றத்தில் வாதாட வழக்கறிஞர் பதிவு போதும். ஆனாலும் மின்னணுவியலோ வேதியியலோ படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவருக்குத்தான் என் ஓட்டு. ஏனென்றால் கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் உரிமை என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கையில் 'இணைக்கப்பட்ட' என்று ஒரு சொல் இருக்கும், இரண்டு பாகமும் நேரடியாக ஒட்டியிருக்கணுமா, நடுவில் இன்னொன்று வரலாமா என்பதிலேயே வழக்கு ஜெயித்துவிடும், இல்லை கவிழ்ந்துவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1996 மார்க்மன் தீர்ப்பின்படி அந்தச் சொல்லின் அர்த்தத்தை முடிவுசெய்வது ஜூரி இல்லை, நீதிபதி. அவருக்குக் கருவியை விளக்க, முதலில் வக்கீலுக்கு அது புரிந்திருக்க வேண்டுமே! அப்புறம், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும், 1982-இல் வந்த ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் நீதிபதியின் சட்ட உதவியாளராக இருந்தவர் என்றால் ரொம்ப நல்லது.