ரிசல்ட் வந்த வீட்டில்: பெற்றோர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிவு வெளியானதும் எங்களுக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படும் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பையன் 600-க்கு 412 வாங்கியிருக்கிறான். 500 தாண்டுவான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம். முந்தாநாளிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அவன் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் போன் மேல் போன். என்ன சொல்லித் தேற்றுவது? – வாசகி, விருதுநகர்

இப்போதைக்குத் தேற்ற வேண்டாம், சாப்பிடக் கூப்பிடுங்கள். "பரவாயில்லை விடு" என்று வாய் சொல்லி முகம் வாடியிருந்தால், பிள்ளை முகத்தைத்தான் நம்பும். உள்ளதைச் சொல்வது நல்லது: "எங்களுக்கும் ஏமாற்றம்தான். உன்மேல கோபம் இல்லை. மார்க் பேச்சை ஞாயிற்றுக்கிழமை வச்சுக்கலாம், இப்போ சாப்பிட வா." அந்த ஞாயிறு வரை வீட்டில் யாரும் மார்க்கைத் தொடக்கூடாது. "ஏன் குறைஞ்சது?" என்ற கேள்வி அவனுக்குள்ளேயே ஆயிரம் முறை ஓடியிருக்கும்.

அப்பாவின் மௌனத்தைப் பிள்ளை வெறுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் அவரே எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். நீளமாகப் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.

போன்களை வீட்டில் ஒருவர் மட்டும் எடுங்கள். "பாஸ் பண்ணிட்டான். என்ன படிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு அவனே சொல்வான்" என்ற ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்லுங்கள். மொத்த மார்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-லேயே நிறுத்திவிட்டது. அதை நாம் வீட்டுக்குள் நடத்த வேண்டாம்.

பிள்ளைக்கு ஆறுவதற்கு நாள் வேண்டும், ஆனால் விண்ணப்பத் தேதிகள் நிற்காது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தேதி குறிப்பது, இ‑சேவை மையத்துக்கு நடப்பது, சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களைத் தயார் செய்வது எல்லாம் உங்கள் வேலை. என்ன படிப்பது என்று தீர்மானிப்பது அவன் வேலை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்க, படிப்பைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

கொஞ்சமும் தள்ளிப்போடக் கூடாத ஒன்றும் இருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் அறவே நின்றுபோனாலோ, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு வந்தாலோ, அவனைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பிள்ளை வாய்திறக்க வழி கிடைக்கும். பூச்சிமருந்து, மாத்திரை எதுவானாலும் அன்றே பூட்டி வையுங்கள். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (அரசு மருத்துவ உதவி எண்) இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் கூப்பிடலாம்.

மகளுக்கு இயற்பியலில் மொத்தம் 38. பாஸ் மார்க் 35 தானே? ஆனால் ஃபெயில் என்று வந்திருக்கிறது. தவறு நடந்துவிட்டதா? மறுமதிப்பீடு போடலாமா? – வாசகர், திண்டுக்கல்

தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 வந்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-ஆவது இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் எழுத்துத் தேர்வு மார்க்கைப் பாருங்கள். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 27 என்றால், எழுத்தில் கிடைத்தது 11. நான்கு மார்க் குறைகிறது.

இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். முதலாவது விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வந்ததும் அதை அவளுடைய இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோய் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: மார்க் போடாமல் விட்டுப்போன விடை இருக்கிறதா, உள்பக்க மார்க்குகள் முகப்புக் கட்டத்தில் சரியாக ஏறியிருக்கின்றனவா, கூட்டல் சரியா. பிழை இந்த மூன்றில் மட்டும் என்றால் மறுகூட்டலே போதும். விடை சரியாக இருந்தும் மார்க் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் மட்டும் மறுமதிப்பீடு. அதில் மார்க் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று போடாதீர்கள்.

இரண்டாவது, துணைத்தேர்வுக்கு இப்போதே பதிவு செய்வது. மறுமதிப்பீட்டு முடிவைப் பார்த்துவிட்டுப் பதியலாம் என்று காத்திருந்து தேதியைக் கோட்டைவிடும் வீடுகள் ஆண்டுதோறும் இருக்கின்றன. துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே வந்துவிடும். தேறினால் இந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். துணைத்தேர்வில் தேறியவர்களுக்காகப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் நடக்கிறது. ஆண்டு வீணாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படிப்புக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். இயற்பியல் வினாத்தாளில் எழுத வேண்டியவை: ஒரு மார்க் கேள்வி 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5. கூட்டினால் 70. அவளுக்கு வேண்டியது 15. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு அலகின் முடிவிலும் உள்ள ஒரு மார்க் வினாக்களை மூன்று முறை எழுதிப் பார்த்தால் அதிலிருந்தே 9, 10 வரும். நான்கு இரண்டு மார்க் விடைகள் சேர்ந்தால் 17. வரையறை, அலகு, விதி என்று நேராகக் கேட்கும் வினாக்களைப் பிடித்துக்கொள்ளட்டும். புத்தகம் முழுவதையும் முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் மலைத்துப்போவாள். அவளை ஒரு தடவை பயமுறுத்திய பாடம் அது.

மகளுக்குக் கணிதம் 78, இயற்பியல் 81, வேதியியல் 86. பொறியியல் கட்‑ஆஃப் எவ்வளவு? எந்தக் கல்லூரி கிடைக்கும்? சாய்ஸ் பட்டியலில் எதை முதலில் போடுவது? – வாசகி, தென்காசி

கணிதம் அப்படியே 78. இயற்பியலில் பாதி 40.5, வேதியியலில் பாதி 43. மொத்தம் 200-க்கு 161.5. மற்ற ஒவ்வொரு பாடத்தையும்விடக் கணிதத்துக்கு இரட்டிப்பு எடை இருப்பதால், அந்த 22 மார்க் இழப்பு முழுசாக விழுந்திருக்கிறது.

"161-க்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?" என்று கேட்பதைவிட, தரவரிசை வந்ததும் "இந்த ரேங்குக்குப் போன வருஷம் எது கிடைத்தது?" என்று பாருங்கள். ஒரு வருஷம் வினாத்தாள் எளிதாக இருந்தால் எல்லாருக்கும் கட்‑ஆஃப் ஏறும், அதே 161.5 பின்னுக்குப் போய்விடும். பொது ரேங்கோடு உங்கள் வகுப்புப் பிரிவு ரேங்கையும் பாருங்கள். கல்லூரி, பாடப்பிரிவு, வகுப்பு வாரியான முந்தைய ஆண்டு விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுத் தரவரிசையையும் பாருங்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

பட்டியல் போடுவதில்தான் நல்ல மார்க் வாங்கியவர்களும் சறுக்குகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். உங்கள் ரேங்க் வரும்போது எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், அதற்குக் கீழே பார்க்காது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் "கட்டாயம் கிடைக்கும்" என்று பயத்தில் ஒன்றை மூன்றாமிடத்தில் போட்டால் அதுதான் கிடைக்கும், நான்காமிடத்தில் இருந்த பிடித்த கல்லூரி போய்விடும். ஆகவே வரிசை ஆசைப்படி மட்டுமே இருக்கட்டும். அவள் ரேங்குக்குச் சற்று மேலே உள்ளவை, சரியாகப் பொருந்துபவை, நிச்சயம் கிடைப்பவை மூன்றும் அதில் இருக்கட்டும். பத்துப் பதினைந்தோடு நிறுத்தாமல் ஐம்பது, அறுபதுக்குக் குறையாமல் போடுங்கள். சேர விருப்பமே இல்லாத கல்லூரியை மட்டும் கடைசியில்கூடப் போடாதீர்கள்.

வீட்டில் இதைத் தாளில் செய்வது நல்லது. ஒவ்வொரு கல்லூரி‑பாடப்பிரிவு ஜோடியையும் துண்டுச்சீட்டில் எழுதித் தரையில் பரப்பி, மகளை அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு சீட்டை எடுத்து "இரண்டும் கிடைச்சா எதுக்குப் போவே?" என்று கேட்டுக்கொண்டே வந்தால் வரிசை தானாக அமையும். பிறகு அந்த வரிசையைக் குறியீட்டு எண்ணோடு அப்படியே கணினியில் ஏற்றுங்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கும் கல்லூரிகள் பல உண்டு, எண்ணைச் சரிபார்க்காமல் ஏற்றாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யக் கொஞ்ச அவகாசம்தான் தருவார்கள். முழுத் திருப்தி என்றால் ஏற்றுக்கொண்டு சேரலாம். "இது இருக்கட்டும், மேலே ஒன்று காலியானால் அதைக் கொடுங்கள்" என்றும் சொல்லலாம். அப்படி மேலே கிடைத்துவிட்டால் பழையது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஒன்றுமே தேர்வு செய்யாமல் விட்டால் கையில் இருந்த இடமும் போகும். ஓ.டி.பி. வருவது பதிவு செய்த செல்போனுக்குத்தான். பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிட, கடைசி நாளில் கடை பூட்டியிருந்து தவிப்பவர்கள் உண்டு. உங்கள் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், செப்டம்பர் வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள்.

கல்லூரியா பாடப்பிரிவா என்ற கேள்விக்கு எங்கள் கருத்து: பிடிக்காத பாடத்துக்காக நல்ல கல்லூரிக்குப் போக வேண்டாம், பிடித்த பாடத்துக்காக ஆசிரியரே இல்லாத கல்லூரிக்கும் போக வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். அலுவலக அறையில் உட்காராமல், அந்தத் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் பேசுங்கள். முதல் வருஷக் கணக்கில் எத்தனை பேருக்கு அரியர், ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், வேலைவாய்ப்பு முகாமில் இந்தத் துறைக்கு மட்டும் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேளுங்கள். மகளுக்குக் கணிதம்தான் இறங்கியிருக்கிறது, ஆகவே முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மகன் வரலாறு படிக்க வேண்டும் என்கிறான். அறிவியல் குரூப்பில் நல்ல மார்க். பொறியியல் படித்துவிட்டு அப்புறம் எதையாவது படிக்கட்டும் என்கிறேன். நான் சொல்வது தப்பா? – வாசகர், நாமக்கல்

உங்கள் பயம் நியாயமானது, வழி சரியில்லை. "அப்புறம்" என்பது நான்கு வருஷம், அரியர் விழுந்தால் அதற்கு மேலும். பிடிக்காத படிப்பில் அரியர் விழத்தான் செய்யும்.

ஆசை உண்மையா என்று சோதிக்கலாம், அதில் தப்பில்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் பி.ஏ. வரலாற்றின் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தையும் ஒரு பொறியியல் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி, இரண்டையும் அவனையே படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தாள்களை ஆவலாகப் படிப்பான், எவற்றைச் சகித்துக்கொள்வான் என்று குறித்துக் கொடுக்கட்டும். வரலாற்றில் எல்லாவற்றையும் "சகிப்பேன்" என்று குறித்தால், அவனுக்குப் பொறியியல் வேண்டாம் என்பது மட்டும்தான் தெளிவு. அப்போது இன்னும் தேட வேண்டும். பட்டம் முடித்தபின் என்ன என்பதையும் அவனே எழுதட்டும்: ஆசிரியர் பணிக்கு பி.எட்., போட்டித் தேர்வு, தொல்லியல், சட்டம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று நீங்கள் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே தாளில் இரண்டு கையெழுத்தும் இருந்தால் சண்டை பாதி குறையும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள், அறிவியல் குரூப் மாணவரும் வரலாற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தையும் பொறியியல் விண்ணப்பத்தையும் இரண்டையுமே போட்டு வையுங்கள். இரண்டிலும் இடம் கையில் இருக்கும்போது பேசினால் பேச்சு நிதானமாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு எந்த குரூப்? டாக்டரா இன்ஜினீயரா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரி பிளஸ் டூவுக்குப் பிறகான சீட்டுக்கு இப்போதே முன்பணம் கேட்கிறது, அசல் சான்றிதழும் வேண்டுமாம். – வாசகி, கரூர்

கணிதம் – உயிரியல் சேர்ந்த குரூப்பில் இரண்டு கதவும் திறந்திருக்கும். கணிதம் இல்லாத தூய அறிவியலில் பொறியியல் கிடையாது, உயிரியல் இல்லாத குரூப்பிலிருந்து நேராக நீட் எழுத முடியாது. ஆனால் சுமை அதிகம், கணிதத்தில் 50-ஐத் தொடத் தடுமாறும் பிள்ளை என்றால் "எல்லாக் கதவும்" என்பதற்காக அதில் தள்ளாதீர்கள். வணிகவியலிலிருந்து சி.ஏ.வும், எந்த குரூப்பிலிருந்தும் சட்டமும் படிக்கலாம். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான் அடிப்படை.

முன்பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து அவள் என்ன கேட்பாள் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. யார் கேட்டாலும் நகல் கொடுங்கள்.