முகப்பரு உள்ளவர்கள் ஃபேஷியல் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. களியக்காவிளை அருகே வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நெற்றியிலும் தாடையிலும் பரு வந்துகொண்டே இருக்கிறது. ஆவணியில் திருமணம், இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபேஷியல் செய்தால் பரு முழுவதும் போய்விடும் என்று பியூட்டி பார்லரில் சொல்கிறார்கள். பாறசாலையில் இருக்கும் சித்தி கஸ்தூரி மஞ்சள் பொடி கொடுத்து, தினமும் பூசச் சொல்கிறார். இரண்டையும் செய்யலாமா?

பதில்: ஃபேஷியலும் முகப்பூச்சும் பருவைக் குணப்படுத்துவதில்லை. முறையாகச் செய்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் குறைத்து மருந்துக்குத் துணையாக நிற்கும். முறைதவறிச் செய்தால் இருக்கும் பருவைப் புண்ணாக்கித் தழும்பில் கொண்டுபோய் விடும். உங்கள் ஊரில் முகக்குரு என்று சொல்லப்படும் இந்தப் பரு, தோலின் மேற்பரப்பில் தொடங்குவதில்லை. மயிர்க்கால் துளைக்குள் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சுரப்பியின் கசிவோடு சேர்ந்து அடைப்பாகி, அங்கு பாக்டீரியா பெருகி அழற்சி ஏற்படும்போதுதான் அது சிவந்து வீங்குகிறது. இன்று கண்ணாடியில் தெரிகிற குரு, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்ட அடைப்பு. ஒரு மணி நேரம் மேலே பூசித் துடைக்கிற எதுவும் அந்த ஆழத்துக்குச் சென்று வேலை செய்வதில்லை. கரும்புள்ளி அழுக்கும் அல்ல. துளைக்குள் உள்ள பொருள் காற்றுப்பட்டுக் கருத்திருக்கிறது, அதனால் தேய்த்துக் கழுவினால் போகாது.

பார்லருக்குச் செல்வதென்றால் எந்தெந்தப் படிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மென்மையான கிளென்சரால் கழுவுவதும் களிமண் பேக் போடுவதும் போதும். சொரசொரப்பான ஸ்கிரப் பருவின் மேல்தோலைக் கிழிக்கும், கொழுப்பு மிகுந்த மசாஜ் கிரீமை இருபது நிமிடம் அழுத்தித் தேய்த்தால் துளைகள் மேலும் அடைபடும், நீண்ட நேர ஆவி, சிவந்திருக்கும் தோலை இன்னும் சிவக்க வைக்கும், பிளீச் எரிச்சலூட்டும். இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது நகத்தாலோ ஊசியாலோ பருவைப் பிதுக்குவதைத்தான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சி ஆறிய இடம் கருங்கறையாகப் பல மாதங்கள் தங்கிவிடும்; பருவைவிட அந்தக் கறைக்காகவே என்னிடம் வந்து கலங்குபவர்கள் அதிகம். அடைப்புகளை எடுத்தே ஆகவேண்டும் என்றால், தோல் மருத்துவர் தூய்மையான கருவியால் எடுக்கட்டும்; தேவைப்பட்டால், மேல்தோலை மெல்ல உரிக்கும் சாலிசிலிக் அமில பீலும் அவரே செய்வார்.

வீட்டில் பூசுவதற்கு முல்தானி மட்டி நல்ல தேர்வு. வெறும் தண்ணீரில் குழைத்து, வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, பத்து நிமிடம் போடுங்கள். முழுவதும் காய்ந்து வெடிக்கும்வரை விடாமல் ஈரப்பதம் இருக்கும்போதே கழுவிவிட்டு, எண்ணெயில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டாம். தோலின் இயல்பான அமிலநிலை (pH) ஏறக்குறைய 5, எலுமிச்சையினுடையது 2; எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடவும் கூடும். சமையல் சோடாவும் பற்பசையும் முகத்துக்கு உரியவை அல்ல. சித்தியின் மஞ்சளை நான் மறுக்கவில்லை, ஆனால் தினமும் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கடைகளில் வேறு கிழங்கின் பொடியும் விற்கப்படுகிறது. உண்மையான கஸ்தூரி மஞ்சளில் கற்பூரம் போன்ற மணம் இருக்கும், கறி மஞ்சளைப் போல அடர்ந்த மஞ்சள் நிறம் ஒட்டாது. எதுவானாலும் முதலில் காதுக்குக் கீழே சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்தில் பூசுங்கள்.

நெற்றியில் பரு என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன்: தலைக்குத் தினமும் தேங்காயெண்ணெய் வைக்கிறீர்களா? குமரி மாவட்டத்திலும் அதையடுத்த கேரளப் பகுதியிலும் குளிப்பதற்கு முன் காய்ச்சிய எண்ணெய் தேய்க்காத வீடு அரிது. அது முடிக்கு நல்லதுதான். ஆனால் தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கும் தன்மை மிகுந்தது. கடற்காற்றின் புழுக்கத்தில் வியர்வையோடு வழிந்து நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் தங்கினால் வரிசையாகக் குருக்கள் கிளம்பும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேய்த்து, ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசி, நெற்றியைத் தனியாகக் கழுவி, தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள். எத்தனையோ பேருக்கு எந்த ஃபேஷியலையும்விட இந்த மாற்றமே அதிகம் உதவியிருக்கிறது.

உண்மையான சிகிச்சை மருந்தில் இருக்கிறது. அடைப்பைத் தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பாக்டீரியாவைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் ஆகியவற்றை மருத்துவர் உங்கள் தோலைப் பார்த்துத் தருவார். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் இந்த வாரமே தொடங்குவது நல்லது. அடாபலீன் பூசும் இரவில் பேக் போடாதீர்கள், பகலில் சன்ஸ்கிரீன் தவறாதீர்கள். கடுமையான பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தந்தால் திருமணத் தேதியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. அதை உட்கொள்ளும் காலத்தில் முகத்தில் வேக்ஸிங்கும் ஸ்கிரப்பும் தோலை உரித்துவிடும். அடாபலீனையும் கருத்தரிக்கத் திட்டமிடும்போது நிறுத்த வேண்டும். தாடையில் பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போகிறதென்றால், முகத்தில் முடியும் வளர்கிறதென்றால், ஹார்மோன் பரிசோதனையும் தேவை.

சீக்கிரம் நிறம் தருவதாகக் கூறும், தயாரிப்பாளர் பெயரே இல்லாத கிரீம்களைத் தொடாதீர்கள். மலப்புரத்தில் 2023-இல் அத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும், அவற்றில் பாதரசம் கலந்திருந்ததும் தெரியவந்தன. ஸ்டீராய்டு கலந்தவை முதல் வாரம் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, நிறுத்தியதும் பருவைப் பலமடங்காக்கும்.

கடைசி ஃபேஷியல் திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்கட்டும். அதன்பின் புதிதாக எதையும் பூச வேண்டாம். அந்தக் கடைசி நாட்களில் பெரிய பரு ஒன்று கிளம்பினால் கை வைக்காமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தப் பருவுக்குள் மட்டும் மிகக் குறைந்த அளவில் போடும் ஊசியால் வீக்கம் ஓரிரு நாளில் வடியும்.