ஹெட்லைட்டுக்குள் ஈரம் நிற்கிறது, செட்டையே மாற்ற வேண்டுமா?

மழை பெய்தாலே கார் ஹெட்லைட்டுக்குள் மூட்டம் படிகிறது, சில நாள் நீர் முத்து முத்தாக நிற்கிறது, முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் அது மூட்டமா, தண்ணீரா என்று பாருங்கள்.

நான் செங்கோட்டைக்காரன். வாரத்தில் இரண்டு நாள் புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூர் போய் வருகிறேன். ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் வெயிலும் தூறலும் மாறி மாறி இருக்கும், கணவாயைத் தாண்டினால் கொட்டித் தீர்க்கும். மூட்டம் வருவதற்கு அதைவிடத் தோதான ரோடு கிடையாது.

பலர் நினைப்பது போல ஹெட்லைட் காற்றே புகாத டப்பா அல்ல. பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும், அதனால் அது மூச்சு விடுவதற்கென்றே பின்பக்கம் சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். சுருங்கும்போது வெளியில் இருக்கும் ஈரக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் ஈரத்தைத் தாங்கும், 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான், மிச்சம் இருப்பது மழை பட்டுக் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிந்துவிடும். மெல்லிய மூட்டமாக இருந்து, லைட்டைப் போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டியதும் கலைந்துவிட்டால் அது கோளாறே இல்லை. எல்இடி லைட் என்றால் இன்னும் கொஞ்சம் நேரமாகும், ஏனென்றால் அதன் சூடு பின்பக்கமாகப் போய்விடும், முன் கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். புது வண்டிக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

முத்துகள் வழிந்து கீழே குளம் கட்டி, வளைவில் திருப்பும்போது அந்தத் தண்ணீர் ஆடுவது தெரிந்தால் அது கசிவு. எனக்கு வந்தது அதுதான். இடது பக்க பல்பை ஒரு கடையில் மாற்றியிருந்தேன், அடுத்த சாரலில் அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர். வேறொரு கடையில் கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் பூசி அனுப்பினார்கள், நிலைமை இன்னும் மோசமானது, உள்ளே இருந்த தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் ஒரு வாரம் நின்றது. கடைசியில் தென்காசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பானெட்டைத் தூக்கி, கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியின் விளிம்பு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது, அந்த மடிப்பில் என் சுண்டுவிரல் நுழைந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் அளவுக்கு வளைந்திருந்த மூச்சுக்குழாயைப் பிடுங்கிக் காட்டினார், முனை வரைக்கும் செம்மண் இறுகிக் கிடந்தது. “அண்ணாச்சி, மூக்கை அடைச்சுட்டா மூச்சு எப்படி விடும்?” என்றார்.

அதனால் நீங்களும் பின்மூடியில் தொடங்குங்கள். சில வண்டிகளில் பேட்டரி மறைத்துக்கொண்டிருக்கும், கழற்றாமல் கை போகாது. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி பல்புக்குப் பதில் எல்இடி பல்பு போட்டவர்கள் பலர், அதன் பின்பக்கம் நீளம் என்பதால் மூடியைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள், தண்ணீர் நேராக உள்ளே போகும்.

காய வைக்க, மூடியைத் திறந்து வெயிலில் அரை நாள் விட்டாலே பெரும்பாலும் போதும். வெயில் இல்லாத நாளில் முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் பின்பக்கமாகக் காட்டலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஓட்டையை அடைக்காது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி சீக்கிரம் போய்விடும். உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சைத் துணி விட்டுத் துடைக்கவே கூடாது. அது ரொம்ப மெல்லிய அலுமினியப் படலம், துணியோடு வந்துவிடும், அப்புறம் எந்த பல்பு போட்டாலும் வெளிச்சம் தூரம் போகாது. தண்ணீர் வடிய கீழே துளை போடச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் துளை வழியாகச் சேறு ஏறும், போடாதீர்கள். பிரஷர் வாட்டரை லைட்டின் விளிம்பில் கிட்டத்தில் வைத்து அடிக்கவும் விடாதீர்கள்.

கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தாலோ செட்டை மாற்றத்தான் வேண்டும். இதில் யோசிக்காதீர்கள். புளியரை எஸ் வளைவில் ராத்திரி மழையில் இறங்கும்போது ஒரு பக்க லைட் மங்கினால் ரோட்டின் ஓரமே தெரியாது. கனெக்டரில் பச்சைக் களிம்பு மட்டும் ஏறியிருந்தால், சுத்தம் செய்து புது கனெக்டர் போட்டாலே போதும்.

பின் லைட்டில் ஈரம் என்றால் டிக்கி பக்கமிருந்து நட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். அது தட்டையாகிப் போயிருந்தால் லைட்டில் மட்டுமல்ல, ஸ்டெப்னி குழியிலும் தண்ணீர் நிற்கும், அங்கேயும் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள்.