தாய்மாமன் வாசல் மிதிக்கக் கூடாது என்கிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நாங்கள் பாம்பன் தீவில் வாழ்கிறோம். என் கணவர் நாட்டுப்படகில் நண்டுவலை போடுகிறவர். என் தம்பி ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளியின்) விசைப்படகில், பிடிபாட்டில் கிடைக்கும் பங்குக்கு வேலைக்குப் போகிறான். என் தாய்வீட்டுச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய வலைகளைச் சென்ற ஆண்டு ஓர் இரவில் ஏதோ ஒரு விசைப்படகின் இழுவலை வாரிக்கொண்டு போய்விட்டது. எந்தப் படகு என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று முதல் இவர் என் தம்பியோடு பேசுவதில்லை. இப்போது மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். தாய்மாமன் சீரே வேண்டாம், அவன் நம் வாசல் மிதிக்கக் கூடாது என்கிறார். தம்பியோ, "வலையை அறுத்தது நானா?" என்று கேட்கிறான். எனக்கு உறக்கமே இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். வாரத்தில் விசைப்படகுகளுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் உங்கள் கடலில் உண்டு. இவை மீறப்படும்போது வலையை இழப்பவர் யாரென்று தெரிகிறது, இருட்டில் இழுத்துச் சென்றவர் யாரென்று தெரிவதில்லை. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, உங்கள் கணவர் நன்கறிந்த விசைப்படகுக்காரர் சொந்த மைத்துனராகவே இருந்துவிட்டார். (இதே இழுவலைகளால் வலை இழக்கும் இலங்கையின் நெடுந்தீவு மீனவர்களுக்கோ, கோபித்துக்கொள்ள அப்படியொரு உறவுகூட அக்கரையில் இருப்பதில்லை.)

பங்குக்குப் போகும் உங்கள் தம்பி, படகு எங்கே மடி (இழுவலை) இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அல்லர். ஆயினும் "நானா?" என்ற அவருடைய கேள்வி, உண்மையாகவே இருந்தாலும், கணவர் காத்திருக்கும் சொல் அன்று. போனது வெறும் வலையன்று, வீட்டுப் பிழைப்பு என்பதை அந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்க வேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பாக இருக்கலாம்.

ஆகவே இருவரின் சொற்களையும் சுமந்து செல்வதை நிறுத்திவிடுங்கள். சடங்குக்கு முன்பாகவே, சீர்த்தட்டு இல்லாமல், இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் தம்பி உங்கள் கணவரைப் பார்க்கட்டும். சம்மாட்டிக்காக வாதாடாமல் வலையைப் பற்றி மட்டும் பேசட்டும். அடகுச் சங்கிலியை மீட்டுச் சீராக வைக்கலாம் என்று அவர் நினைத்தால் தடுத்துவிடுங்கள். அது அபராதம் கட்டியதுபோல் ஆகிவிடும். இழப்பீட்டுக் கோரிக்கை மீனவர் சங்கத்தின் வழியாக மீன்வளத்துறைக்குப் போக வேண்டியது.

கணவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: மைத்துனரோடு உள்ள வழக்கு அவருடையது, தாய்மாமன் என்ற உறவு உங்கள் மகளுடையது. உறக்கமின்மை இப்படியே நீடித்தால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது டெலி மானஸ் என்ற மனநல உதவி இலவச எண்ணான 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.